தோட்டப் பணி ஒப்பந்தக்காரருக்கு மூடிய பெட்டி வண்டி: எடையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் புல்தரை அமைப்பது, செடி நடுவது, சொட்டுநீர்க் குழாய் பதிப்பது, கல்லூரி, மருத்துவமனை, திருமண மண்டப வளாகங்களை மாத ஒப்பந்தத்தில் பராமரிப்பது என்று தொழில் செய்வோர் பெரும்பாலும் இருசக்கர வண்டியோடும் ‘குட்டியானை’ எனப்படும் வாடகைச் சிறு சரக்கு வண்டியோடும்தான் தொடங்குகிறார்கள். வேலையிடங்கள் நான்கைந்து ஆனதும் இந்த ஏற்பாடு தடுமாறத் தொடங்கும். காலையில் கருவிகளை ஏற்றுவதற்கும் மாலையில் இறக்கி வீட்டில் அடுக்குவதற்கும் போகும் நேரம் கூலியில் சேராது. திறந்த வண்டியில் விட்டுச் சென்ற பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் கருவி) டீ குடித்துத் திரும்புவதற்குள் காணாமல் போகலாம். குற்றாலப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் உரப்பை கல்லாகிவிடும். இந்தக் கட்டத்தில்தான் பூட்டக்கூடிய, மழை புகாத, கருவிகள் எப்போதும் உள்ளேயே இருக்கும் மூடிய பெட்டி வண்டியைப் பற்றிய எண்ணம் வருகிறது.

பட்டறைக்குப் போகும் பலரும் முதலில் கேட்பது பெட்டியின் நீளத்தையும் விலையையும்தான். எடையை யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி எடையிலிருந்து தொடங்குகிறது; மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டி எதற்கு, எதற்கு அல்ல

மூடிய பெட்டியைக் கருவிகளுக்கான நடமாடும் அறையாக மட்டும் எண்ணுங்கள். மண், மணல், தொழுவுரம், வெட்டிய கிளை ஆகியவற்றை அதில் ஏற்றலாம் என்று நினைத்தால் கணக்கு முழுவதும் தவறிவிடும். ஈரமான செம்மண் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். குட்டியானையின் தளம் சுமார் 35 சதுர அடி. அதில் ஓர் அடி உயரத்திற்கு ஈர மண்ணை நிரப்பினால் ஒன்றே முக்கால் டன் ஆகிவிடும்; அந்த வண்டியின் சுமைத்திறனோ முக்கால் டன்தான். மேலும், மூடிய பெட்டியிலிருந்து மண்ணை மம்பட்டியால் வாரி இறக்குவது இடுப்பு ஒடியும் வேலை. ஈர மண்ணும் எருவும் தங்கும் மூலைகளில் தகடு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே மண்ணையும் எருவையும் தேவைப்படும் நாளில் வாடகை டிராக்டரிலோ டிப்பரிலோ நேரே வேலையிடத்தில் இறக்கச் சொல்வதே நல்லது. இந்த ஒரு பிரிவினையை ஏற்றுக்கொண்டால் நீங்கள் வாங்க வேண்டிய வண்டி ஒரு படி சிறியதாகிவிடும்.

முதல் படி: சுமையை எடைபோட்டு எழுதுதல்

வீட்டிலிருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்து வைத்து, பழைய இரும்புக் கடைத் தராசிலோ அரிசிக் கடைத் தராசிலோ ஒவ்வொன்றாக நிறுத்துப் பட்டியல் எழுதுங்கள். நிறுவனக் கையேட்டில் உள்ள எடை பெட்ரோலும் எண்ணெயும் இல்லாத வெற்று எடையாக இருக்கக்கூடும் என்பதால் நீங்களே நிறுப்பது நல்லது. ஓர் எடுத்துக்காட்டுப் பட்டியலைப் பார்ப்போம். புல்வெட்டும் இயந்திரம் இரண்டு 70 கிலோ, பிரஷ் கட்டர் மூன்று 30 கிலோ, களையெடுத்து மண்ணைக் கிளறும் பவர் வீடர் ஒன்று 100 கிலோ, வேலி கத்தரிக்கும் இயந்திரமும் மரம் அறுக்கும் இயந்திரமும் சேர்ந்து 20 கிலோ, மம்பட்டி, கடப்பாரை, பண்ணரிவாள், களைக்கொத்தி, வாளி ஆகியவை 60 கிலோ, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இரண்டு 40 கிலோ, சொட்டுநீர்க் குழாய்ச் சுருளும் இணைப்புகளும் 40 கிலோ, ஏணி 15 கிலோ, மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரும் அதன் குழாயும் 50 கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் சுமார் 15 கிலோ, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, யூரியா இரண்டு மூட்டை 90 கிலோ. யூரியா மூட்டை இப்போது 50 கிலோ அல்ல, 45 கிலோ என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூட்டினால் 630 கிலோ. மிகச் சாதாரணமான ஒரு குழுவின் சுமை இது.

இந்த எண்ணுடன் பெட்டியின் எடையைச் சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். குட்டியானைத் தளத்தின் மேல் ஐந்து அடி உயரப் பெட்டி கட்டினால் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 156 சதுர அடி, அதாவது 14.5 சதுர மீட்டர் தகடு தேவைப்படும். 18 கேஜ் எனப்படும் 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ என்பதால் தகடு மட்டும் 136 கிலோ. 40 மி.மீ. சதுரக் குழாயில் 2 மி.மீ. கனத்தில் 30 மீட்டர் சட்டம் போட்டால் இன்னொரு 72 கிலோ. கதவுக் கீல், தாழ்ப்பாள், உள் அலமாரி எதையும் சேர்க்காமலே 208 கிலோ வந்துவிட்டது. அதே பெட்டியை 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் செய்தால் தகடு 59 கிலோவாகி, மொத்தம் 131 கிலோவில் நிற்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இரும்புப் பெட்டியுடன் 838 கிலோ. அலுமினியப் பெட்டியுடன் 761 கிலோ. இரண்டுமே குட்டியானையின் சுமைத்திறனான 750 கிலோவைத் தாண்டுகின்றன. பக்கத்தில் உட்காரும் உதவியாளரை இன்னும் சேர்க்கவில்லை. வண்டியோடு வரும் திறந்த சரக்குத் தொட்டியின் பக்கப்பலகைகளைக் கழற்றினால் கொஞ்சம் மீளும். ஆனாலும் கணக்கு இறுக்கமாகவே இருக்கும். பவர் வீடரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுவிட்டால் சுமை 430 கிலோவாகக் குறையும். அப்போது அலுமினியப் பெட்டி கட்டிய குட்டியானை தாராளமாகப் போதும். அதாவது, பராமரிப்பு மட்டும் செய்யும் குழுவிற்குச் சிறிய வண்டி போதும். நிலம் உழுது புதிதாகத் தோட்டம் அமைக்கும் குழுவிற்கு அது போதாது.

உங்கள் பட்டியலில் வரும் எண்ணோடு கால் பங்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் கருவிகள் கூடுமே தவிரக் குறைவதில்லை.

இழுவைப் பெட்டியா, வண்டி மேல் கட்டிய பெட்டியா

அமெரிக்காவில் இத்தொழிலில் இருப்போர் காருக்கோ பிக்கப்பிற்கோ பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் மூடிய டிரெய்லரைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கும் அதைச் செய்ய விரும்புவோர் உண்டு. நம் ஊருக்கு அது ஒத்துவராது என்றே சொல்வேன். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். பாளையங்கோட்டையின் உள் தெருக்களிலும் மேலப்பாளையத்தின் சந்துகளிலும் இழுவைப் பெட்டியைப் பின்னோக்கி ஓட்டுவது எளிதல்ல. கழற்றி நிறுத்த இடமும் கிடைக்காது. விவசாயத்திற்கென்று பதிவான டிராக்டர் டிரெய்லரை வாடகைக்கும் ஒப்பந்த வேலைக்கும் பயன்படுத்துவது விதிமீறல். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதுமான காரணமாகும். பெரிய எஸ்டேட்டையோ பல ஏக்கர் வளாகத்தையோ ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் பராமரிப்பவர்களுக்கு மட்டும், வளாகத்திற்குள்ளேயே ஓடும் இழுவைப் பெட்டி பயன்படலாம்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு ஒரு டன்னுக்குக் கீழான சரக்கு வண்டிகள் நம் சாலைகளில் நிறைந்தன. ‘குட்டியானை’ என்ற பெயர் அந்த வகை முழுவதற்குமே பொதுப்பெயராகிவிட்டது. இந்த வகையில் மாருதி சூப்பர் கேரியும் உண்டு. அதன் பெட்ரோல் வகை சுமார் 740 கிலோவும் சி.என்.ஜி. வகை சுமார் 625 கிலோவும் ஏற்றும். எரிவாயு உருளையின் எடை சுமைத்திறனிலிருந்து கழிவதால் வரும் வேறுபாடு இது. எரிபொருள் செலவு குறைகிறது என்று சி.என்.ஜி. பக்கம் சாய்பவர்கள் இந்த நூறு கிலோவை மறந்துவிடக் கூடாது.

அடுத்த படியில் டாடா இன்ட்ரா வி30, அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் போன்றவை 1,200 முதல் 1,700 கிலோ வரை ஏற்றக்கூடியவை. புதிய தோட்டம் அமைக்கும் குழுவிற்கு 1,300 கிலோ வகையே சரியான நடு என்பது என் கணிப்பு. பெட்டிக்கு 250 கிலோ போனாலும் ஆயிரம் கிலோவிற்கு மேல் மிஞ்சும். தெருவிற்குள் திரும்பவும் முடியும். பெரிய வண்டி வாங்கினால் பின்னால் உதவும் என்ற எண்ணத்தில் இரண்டு டன் வண்டிக்குப் போனால், அதற்குரிய எரிபொருளையும் டயரையும் காலி ஓட்டத்திலும் சுமக்க நேரும்.

ஆட்களை ஏற்றும் கேள்வியை இங்கேயே முடித்துவிட வேண்டும். சரக்குப் பகுதியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதிலும் காற்றுப் புகாத, பெட்ரோலும் பூச்சிமருந்தும் உள்ள பெட்டிக்குள் ஆளை உட்கார வைப்பது உயிரோடு விளையாடுவது. பதிவுச் சான்றில் எத்தனை இருக்கை உள்ளதோ அத்தனை பேர்தான் வண்டியில் போகலாம். மற்றவர்கள் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ வரட்டும். நாலைந்து பேரை எப்போதும் உடன் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால் பொலிரோ கேம்பர் போன்ற இரட்டை வரிசை இருக்கை வண்டியைப் பாருங்கள். பெட்டி குட்டையாகும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தரையையும் கணக்கில் எடுங்கள். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணலில் சிறு சக்கர வண்டி சுமையுடன் இறங்கினால் புதையும். மானூர்ப் பக்கத்துக் கரிசலில் ஒரு மழை பெய்தால் சக்கரம் முழுவதும் அப்பிக்கொள்ளும். இப்படிப்பட்ட நிலத்தில்தான் உங்கள் வேலை அதிகம் என்றால் பெரிய சக்கரமும் தரையிலிருந்து அதிக இடைவெளியும் உள்ள பிக்கப் வகை நல்லது. மாநகருக்குள்ளும் கங்கைகொண்டான் சிப்காட் போன்ற தார்ச்சாலை வளாகங்களிலும் வேலை என்றால் தாழ்ந்த தளமுள்ள சிறிய வண்டியே வசதி, ஏனெனில் புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றி இறக்குவது எளிது.

பெட்டியின் அளவும் தென்மேற்குக் காற்றும்

உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையில் ஆறரை அடி உயரப் பெட்டி கேட்பவர்கள் உண்டு. நெல்லைச் சீமையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று பெட்டியின் பக்கச்சுவரில் நேராக மோதும். ஒன்பது அடி நீளமும் ஆறு அடி உயரமும் உள்ள சுவர் ஏறக்குறைய 5 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று குறுக்காக அடித்தால் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை அதன் மேல் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மாலையில் உரமும் தண்ணீரும் தீர்ந்து காலியாகத் திரும்பும் இலகுவான, உயரமான வண்டிதான் அதிகம் ஆடும். காவல்கிணறு சந்திப்பைத் தாண்டி நான்குவழிச் சாலையில் லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங் இழுப்பதை அந்த வழியில் ஓட்டுவோர் அறிவார்கள்.

ஐந்து அடி உள் உயரம் போதும். கருவிகளை வெளியில் நின்றே எடுக்கும்படி பக்கக் கதவு அமைத்தால் உள்ளே நுழைய வேண்டிய தேவையே குறைந்துவிடும். தளத்தின் உயரம் 80 செ.மீ. என்று கொண்டால் ஐந்தடிப் பெட்டியின் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய எட்டு அடியில் நிற்கும். நீங்கள் வழக்கமாகச் செல்லும் வீடுகளின் வாயில் வளைவு, போர்டிகோ, மருத்துவமனை வாகன நிறுத்தம், ரயில்வே சுரங்கப்பாதை ஆகியவற்றில் மிகத் தாழ்வானது எது என்று அளந்து, அதைவிட அரை அடியாவது குறைவாக உச்சி இருக்குமாறு திட்டமிடுங்கள். பழைய வேப்பமரமும் தெருவைக் கடக்கும் கம்பியும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை.

நீளத்தைப் பொருத்தவரை, பி.வி.சி. குழாய் 20 அடி நீளத்திலும் 10 அடி நீளத்திலும் வருகிறது. 20 அடிக் குழாயைப் பெட்டிக்குள் ஏற்றக் கனவு காண வேண்டாம். 10 அடிக் குழாயும் ஒன்பது அடித் தளத்தில் நேராகப் படுக்காது; ஆனால் தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்த்தால் ஒன்பதுக்கு ஐந்தரை அடித் தளத்தில் அது அடங்கும். சாய்ந்து கிடக்கும் குழாய் மற்ற எல்லாவற்றுக்கும் இடைஞ்சல் என்பதால் கூரையின் மேல் இரு குறுக்குச் சட்டங்கள் போட்டு அதில் கட்டுவதே நடைமுறை. பெட்டியைப் பின்பக்கம் நீட்டிக்கொள்ளலாமா என்று பட்டறைக்காரர் கேட்பார். பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தை மீறக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதியைவிட முக்கியமானது, பின்னால் நீளும் ஒவ்வோர் அங்குலமும் முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங் பிடிப்பைக் குறைக்கும் என்பது.

தகடும் சட்டமும்

இரும்புத் தகடு மலிவு. எந்த ஊரிலும் வெல்டிங் செய்து சரிசெய்யலாம். அலுமினியம் விலை கூடியது. நெளிந்தால் சீர்செய்யும் ஆள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனாலும் சிறிய வண்டிக்கு அலுமினியம்தான், ஏனென்றால் மேலே கண்ட கணக்கில் 77 கிலோ வேறுபாடு வண்டியின் ஆயுள் முழுவதும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். 1,300 கிலோ வண்டியில் இந்த நெருக்கடி இல்லை. அங்கே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு நல்ல நடுவழி. ஜி.ஐ. தகட்டில் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும். அந்த இடங்களைத் தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாக ரிவெட் அடித்தால் ஈரத்தில் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும். இடையில் ரப்பர்ப் பட்டையோ கசிவை அடைக்கும் சீலண்டோ வைக்கச் சொல்லுங்கள்.

தரைக்கு 3 மி.மீ. செக்கர் பிளேட் (மேடு பதித்த இரும்புத் தகடு) போடுவது வழக்கம். வழுக்காது, உழைக்கும், ஆனால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. முழுத் தளத்திற்கும் போடாமல், இயந்திரங்கள் உருளும் நடுப்பாதைக்கு மட்டும் போட்டால் எடை பாதியாகும். தரையின் நான்கு மூலைகளிலும் நீர் வடியத் துளை வேண்டும். யூரியா, பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் ஆகியவை ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். மூட்டையிலிருந்து சிந்திய உரத்தை வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ள முடியாத பெட்டி, எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் நிலைக்காது.

கதவு, பூட்டு, சரிவுப் பலகை

பின்பக்கம் இரட்டைக் கதவு, இடப்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவு என்ற அமைப்பே தோட்ட வேலைக்கு ஏற்றது. நம் சாலையில் வண்டியை இடது ஓரத்தில் நிறுத்துவோம் என்பதால், இடப்பக்கக் கதவைத் திறந்து வேலையாள் கருவி எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் போக்குவரத்து இருக்காது. மேல்நோக்கித் திறக்கும் கதவு வெயிலுக்கும் மழைக்கும் தாழ்வாரமாகவும் நிற்கும். பலத்த காற்றில் அது பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் தாங்கு கம்பி கட்டாயம். கடைகளில் உள்ளது போன்ற ரோலிங் ஷட்டர் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். புழுதியும் புல் துகளும் அதன் தடத்தில் சேர்ந்து சிக்கும் என்பதால் இத்தொழிலுக்கு வேண்டாம்.

பின்கதவையே கீழே சாய்த்துச் சரிவுப் பலகையாக்கும் முறையைப் பலர் விரும்புகிறார்கள். ஐந்து அடிக் கதவை 80 செ.மீ. உயரத் தளத்திலிருந்து சாய்த்தால் சரிவு ஏறக்குறைய 32 பாகை வரும். நூறு கிலோ பவர் வீடரை அதில் தள்ளி ஏற்ற இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க வேண்டியிருக்கும். மழையில் வழுக்கினால் காலை ஒடித்துவிடும். எட்டு அடி நீள அலுமினியச் சேனல் (ஓரம் மடித்த பட்டை) இரண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் சரிவு 19 பாகையாகக் குறையும்; பெட்டியின் பக்கச்சுவரில் மாட்டிவைக்கவும் முடியும். சேனலின் மேல்முனையில் தளத்தில் கொளுவிக்கொள்ளும் கொக்கி இருக்க வேண்டும். இல்லையெனில் இயந்திரத்தின் எடையே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

பூட்டுக்குச் செலவு செய்யுங்கள். வெளியே தொங்கும் பூட்டை ஒரு கடப்பாரை நெம்பிவிடும்; அந்தக் கடப்பாரை உங்கள் பெட்டியிலேயே கிடைக்கும் என்பது வேறு விஷயம். பூட்டை மறைக்கும் இரும்புக் கூடு, உள்பக்கம் கீல், மேலும் கீழும் தாழ் விழும் கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

உள் அமைப்பு, காற்றோட்டம், மருந்து

எடை கூடியவை தரையிலும், பின் அச்சுக்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். பவர் வீடரும் தண்ணீர்த் தொட்டியும் அங்கே. தொட்டி பாதி நிறைந்திருந்தால் திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியை இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடுள்ள தொட்டியை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் சிறிய கேன்கள் பலவாக வையுங்கள். பிரஷ் கட்டரைச் சுவரில் கிடையாக மாட்டும் கொக்கிகள், மம்பட்டியும் கடப்பாரையும் நிமிர்ந்து நிற்கும் குழாய்த் துண்டுகள், கத்திகளுக்கும் நைலான் நூலுக்கும் இழுப்பறை ஆகியவற்றை முதல் மாதத்திலேயே வெல்டிங் செய்துவிடாமல் போல்ட்டு போட்டு மாட்டுங்கள். எது எங்கே வேண்டும் என்பதை உங்கள் ஆட்களின் கை சொல்லும். அதன் பிறகு நிலையாக்கலாம். இடது வலது எடை சமமாக இருக்கிறதா என்று மட்டும் ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை வெயிலில் மூடிய தகட்டுப் பெட்டிக்குள் வெப்பம் வெளியை விடப் பல பாகை கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கீழே தேங்கும். எனவே கூரையில் மட்டும் காற்றுத்துளை வைத்தால் பயன் இல்லை. தரையை ஒட்டி ஒரு துளையும் கூரையை ஒட்டி எதிர்ப்புறம் ஒரு துளையும் வேண்டும். இரண்டுக்கும் மழை புகாத சரிவு மூடியும் பூச்சி வலையும் போடுங்கள். கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது செலவில்லாத குளிர்ச்சி. பெட்ரோலை உலோகக் கேனில், நிமிர்ந்த நிலையில், கட்டிவைத்து, அன்றைய தேவைக்கு மட்டும் கொண்டு செல்லுங்கள். ஓட்டி நிறுத்திய இயந்திரம் ஆறிய பிறகே உள்ளே ஏற வேண்டும். சூடான சைலன்சர் பக்கத்தில் காய்ந்த புல் கிடந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். ஒரு உலர்தூள் தீயணைப்பானைப் பெட்டிக்குள் அல்ல, ஓட்டுநர் அறையில் வையுங்கள்.

பூச்சிமருந்துக்கும் களைக்கொல்லிக்கும் பெட்டிக்கு உள்ளேயே பூட்டுள்ள தனிச் சிறு பெட்டி வேண்டும். அதன் அடியில் கசிவு தாங்கும் தட்டு இருக்கட்டும். சாப்பாட்டுத் தூக்கும் குடிநீர்க் குடமும் ஓட்டுநர் அறையில்தான் போக வேண்டும். களைக்கொல்லி தெளித்த ஸ்பிரேயரையும் பூச்சிமருந்து தெளிக்கும் ஸ்பிரேயரையும் வேறு வேறு நிறத்தில் குறியிட்டு வேறு வேறு பக்கத்தில் மாட்டுங்கள்; வாடிக்கையாளரின் ரோஜாப் பாத்தி கருகிப் போவதற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஆவணங்கள்

பதிவுச் சான்றில் உள்ள விவரத்திற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. திறந்த தொட்டி வண்டி என்று பதிவான பின் மூடிய பெட்டி கட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். புது வண்டி என்றால் தொட்டி இல்லாத வெறும் சேஸிஸாக (அடிச்சட்டமாக) வாங்கி, பெட்டி கட்டிய பிறகு பதிவு செய்வது இந்த அலைச்சலைத் தவிர்க்கும். பதிவு எண் டி.என். 72 ஆனாலும் தென்காசியின் டி.என். 76 ஆனாலும் விதி ஒன்றுதான்.

வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. பெரிய பிக்கப் வகைகளில் சில இந்தக் கோட்டைத் தாண்டுவதால், வாங்கும் முன் மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அதிகச் சுமைக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறும். தகுதிச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்ற ஒளிரும் பட்டைகள் ஆகியவை எல்லாச் சரக்கு வண்டிகளுக்கும் உள்ளவையே.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது இரண்டு. பெட்டியின் மதிப்பைத் தனியாகத் தெரிவித்து வண்டியின் காப்பீட்டு மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கருவிகள் வண்டிக் காப்பீட்டில் அடங்குவதில்லை. ஒரு லட்சத்திற்கு மேல் கருவி வைத்திருப்போர் திருட்டுக்கான தனிக் காப்பீடு எடுப்பது நல்லது. இயந்திரங்களின் வரிசை எண்களையும் ரசீதுகளையும் படம் எடுத்து வைத்தால்தான் அந்தக் காப்பீடு பயன் தரும்.

பழைய வண்டியும் பட்டறையும்

பெட்டியோடு விற்பனைக்கு வரும் பழைய கூரியர், ரொட்டி, பால் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். கீழே குனிந்து சேஸிஸில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா, பின் பட்டை ஸ்பிரிங் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா, முன்டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரையை மீறிய வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கை மாறியிருக்கக்கூடும். இருக்கைக்கு அடியிலும் பியூஸ் பெட்டியிலும் வண்டல் படிவு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். ரொட்டி வண்டிப் பெட்டி இலகுவாக இருக்கும். கொக்கி மாட்ட அதன் சுவர் தாங்காது, உள்ளே புதுச் சட்டம் போட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

புதிதாகக் கட்டுவதானால் பட்டறையில் வாய்ப்பேச்சோடு நிற்காமல் தகட்டின் கனம், சட்டக் குழாயின் அளவு, உள் அளவு, பெயிண்ட் அடுக்குகள், முடிக்கும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ‘18 கேஜ்’ என்று சொல்லி அதைவிட மெல்லிய 20 கேஜ் போடுவது நடக்கும். வெர்னியர் அளவி கொண்டு ஓரத்தை அளந்தால் தெரிந்துவிடும். சட்டம் எழும்பி, தகடு மூடும் முன் ஒரு முறை நேரில் பார்த்து வெல்டிங் இடங்கள் முழுமையாக இருக்கின்றனவா, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சை உள்பக்கமும் அடித்திருக்கிறார்களா என்று சோதியுங்கள்.

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள். வண்டியைக் காலியாக எடைமேடையில் ஏற்றி வெற்று எடையைப் பாருங்கள். பெட்டிக்குப் பட்டறைக்காரர் சொன்ன எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதே வெளிவரும். அடுத்து, உங்கள் பட்டியலில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஏற்றி, முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும், முழு வண்டி என்று மூன்று முறை எடைபோட்டு, அச்சுக்குரிய அனுமதி எடையுடன் ஒப்பிடுங்கள். கடைசியாக, ஒரு ஆள் பகலில் உள்ளே நின்று கதவுகளை மூடிக்கொள்ள, இன்னொருவர் கூரையிலும் கதவு ஓரங்களிலும் ஹோஸில் தண்ணீர் அடிக்கட்டும். வெளிச்சம் தெரியும் இடத்தையும் நீர் கசியும் இடத்தையும் சாக்கட்டியால் வட்டமிட்டு, சீலண்ட் வைத்து அடைத்த பிறகு அதே சோதனையை மறுபடி செய்து, மிச்சத் தொகையைக் கொடுங்கள்.